நானா வேடம் யாருக்கு?

2025ஆம் ஆண்டு ‘காஷிராம் கோத்வால்’ இந்தியில் மீண்டும் மேடையேறியது. மும்பையில் தொடங்கிய அந்தத் தயாரிப்பில் நானா பட்னவீஸாக நடித்தவர் சஞ்சய் மிஸ்ரா. ‘ஆங்க்கோன் தேக்கி’, ‘மசான்’ போன்ற படங்களில் மனதில் நின்றவர். இந்திப் படம் பார்க்கும் எவருக்கும் தெரிந்த முகம். காஷிராமாக வந்தவர் மராத்தித் திரையிலும் தொலைக்காட்சியிலும் பெயரெடுத்த சந்தோஷ் ஜுவேகர். ‘தாக்கரே’ படத்தை இயக்கிய அபிஜித் பான்சே இயக்கத்தில் பங்கேற்றார். விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது மிஸ்ராவின் பெயர்தான். அதைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்ததுமே முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது வகையினரைப் புரிந்துகொள்ளப் புனேவுக்குப் போக வேண்டும். விஜய் டெண்டுல்கர் எழுதிய அந்த இசை நாடகம் புனேயில் பிறந்தது, புனேயைப் பற்றியது. புனேயில் வயதான ரசிகர் ஒருவரிடம் நானா என்று சொன்னால் அவர் கண் முன் வருவது வரலாற்றில் வாழ்ந்த பேஷ்வா காலத்து அமைச்சர் அல்ல, மோகன் ஆகாஷே. ஆண்டுக்கணக்கில் அந்த வேடத்தை ஆடியவர் அவர்.

1972 டிசம்பர் 16 அன்று புனேயின் பரத் நாட்ய மந்திரில் நாடகம் அரங்கேறியபோது ஆகாஷே நட்சத்திரம் இல்லை. அவர் மனநல மருத்துவர். இயக்கிய ஜப்பார் படேல் குழந்தை மருத்துவர். காஷிராமாக முதலில் ஆடியவர் ரமேஷ் டிலேகர். பகலில் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்த கூட்டம் அது. மேடைப் பிழைப்பை நம்பாத அப்படிப்பட்டவர்கள் மாதக்கணக்கில் ஒன்றாகப் பயின்றதால்தான் இந்த நாடகத்தின் முக்கியமான உறுப்பு உருவாக முடிந்தது.

அந்த உறுப்பு ஒரு மனிதச் சுவர். குடுமியும் பூணூலும் வேட்டியுமாக வரிசையில் நிற்கும் புனே பிராமணர்கள், பாடிக்கொண்டே அசைவார்கள். முதுகைக் காட்டித் திரும்பினால் அது திரை. பின்னால் நடப்பது தெரியாது. முகத்தைக் காட்டினால் அதுவே ஊர். கலைந்தால் தெரு, கூடினால் அரண்மனை. நானாவின் காமமும் காஷிராமின் பழிவெறியும் அந்த வரிசையின் முன்னும் பின்னும் நடக்கின்றன. கன்னோஜிலிருந்து பிழைக்க வந்த காஷிராம், புனே பிராமணர்களிடம் அவமானப்பட்டு, தன் மகளையே நானாவுக்குக் கொடுத்து, அதற்கு விலையாகக் கொத்தவால் பதவியை, அதாவது நகரக் காவல் தலைமையை, வாங்குகிறான். பிறகு ஊரையே வதைக்கிறான். கடைசியில் நானா அவனைக் கைகழுவுகிறார். வரலாற்றில் 1791இல் தெலுங்கு தேசத்திலிருந்து வந்திருந்த பிராமணர்கள் கொத்தவாலின் சிறையறையில் மூச்சுமுட்டி இறந்துபோக, கொதித்த கூட்டம் காஷிராமைக் கல்லால் அடித்துக் கொன்றது. டெண்டுல்கர் அந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அதிகாரம் எப்படித் தன் ஏவலாளை வளர்த்துப் பின் பலியிடுகிறது என்று காட்டினார்.

இத்தனையும் பாட்டிலும் தாளத்திலும் நடக்கிறது. இசை பாஸ்கர் சந்தாவர்கர், நடன அமைப்பு கிருஷ்ணதேவ் முள்குந்த். அபங்கமும் கீர்த்தனமும் ஒலிக்கும் அதே மூச்சில் லாவணி எழும்; கடவுள் பெயரும் கேளிக்கையும் ஒரே வரிசையின் வாயிலிருந்து வரும். பக்தியின் குரலில் பாவம் நடப்பதைக் கேட்டவர்கள் திகைத்தார்கள், சிலர் கொதித்தார்கள். 19 காட்சிகளுக்குப் பின் நாடகத்தைத் தயாரித்த புரொக்ரசிவ் டிரமாட்டிக் அசோசியேஷன் அதை நிறுத்தியது. நடித்தவர்கள் விலகி 1973இல் தியேட்டர் அகாடமியைத் தொடங்கினார்கள். 1974இல் நாடகம் மீண்டும் மேடை கண்டது. 1980இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மறுபடி எதிர்ப்பு, வழக்கு. ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் விளக்க அறிவிப்பு வாசிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுடன்தான் பயணம் நடந்தது.

இப்படிப் போராடிக் காப்பாற்றிய ஒன்றின் நடுவில் சினிமா முகத்தை வைப்பதா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதில் பாதி நியாயம்தான். சஞ்சய் மிஸ்ரா தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர். சினிமாவிலிருந்து மேடைக்கு வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. தவிர, இந்த நாடகம் இதற்கு முன்பே புதிய முகத்தை ஏற்றிருக்கிறது. 1976இல் புனே திரைப்படக் கல்லூரியிலிருந்து வெளிவந்த இளைஞர்கள் யுக்த் என்ற கூட்டுறவு அமைப்பாகச் சேர்ந்து இதைப் படமாக்கினார்கள். பின்னாளில் தமிழில் ‘ஏழாவது மனிதன்’ எடுத்த கே. ஹரிஹரன் அந்த இயக்குநர்களில் ஒருவர்; மணி கௌல், சயீத் மிர்ஸா, கமல் ஸ்வரூப் மற்றவர்கள். நானாவாக ஆகாஷே தொடர்ந்தார். காஷிராமாக வந்தவர் அப்போது யாருக்கும் தெரியாத ஓம் புரி.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி நட்சத்திரம் வரலாமா என்பதில்லை. இசை நாடகத்தில் நட்சத்திரம் எங்கே நிற்கிறார் என்பதே. சுவருக்கு முன்னால் நின்று அதை மறைக்கிறாரா, சுவரோடு சேர்ந்து மூச்சு விடுகிறாரா? இந்தக் கேள்வியைப் புனே நூறு வருடங்களுக்கும் மேலாகக் கேட்டுவருகிறது.

மராத்தி சங்கீத நாடகத்தின் தொடக்கத்தை 1880 அக்டோபர் 31இல் வைப்பார்கள். அன்று புனேயில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் ‘சங்கீத சாகுந்தலம்’ அரங்கேறியது. நடிகர்களே பாடினார்கள், பாடத் தெரியாதவர்களுக்கு அங்கே பெரிய வேடமில்லை. கிர்லோஸ்கர் நாடகக் குழுவுக்கு 1905இல் வந்து சேர்ந்த நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ் என்ற இளைஞரைத்தான் மகாராஷ்டிரம் பாலகந்தர்வா என்று கொண்டாடியது. சிறுவயதில் அவர் பாடக் கேட்டுத் திலகர் சூட்டிய பெயர் அது. பெண் வேடத்தில் அவர் உடுத்திய சேலையின் கட்டையும் தலையில் வைத்த பூவையும் பார்த்து வீட்டுப் பெண்கள் அதேபோல் உடுத்தினார்கள் என்பார்கள். ‘ஒன்ஸ்மோர்’ கேட்டுக் கேட்டே நாடகம் விடியும்வரை நீண்ட காலம் அது.

1921 ஜூலையில் மும்பையில் நடந்த ‘சம்யுக்த மானாபமான்’ இன்றைய நட்சத்திரக் கூட்டணிகளுக்கெல்லாம் முன்னோடி. காடில்கர் எழுதிய ‘மானாபமான்’ நாடகத்தில் பாமினியாகப் பாலகந்தர்வா. தைரியதரனாக, போட்டிக் குழுவான லலிதகலாதர்ஷின் கேசவராவ் போஸலே. திலகர் சுயராஜ்ய நிதிக்காக இரண்டு குழுக்களும் ஒரே மேடையில் கூடின. நுழைவுக் கட்டணம் அன்றைய கணக்கில் மலைக்க வைக்கும் தொகை; அரங்கம் நிரம்பியது. யார் பாட்டு யாரை வென்றது என்ற வாதம் அன்றிரவு ஓயவில்லை, அவர்கள் காலத்துக்குப் பின்னும் ஓயவில்லை. மூன்று மாதம்கூட முழுதாக ஆகுமுன், 31 வயதில், கேசவராவ் காலமாகிவிட்டார். அதனால் அந்தச் சேர்க்கை பற்றிய பேச்சில் ஓர் ஏக்கமும் சேர்ந்துகொண்டது.

பாலகந்தர்வாவின் பிற்காலம் இன்னும் சங்கடமான பாடம். ஐம்பது வயதைத் தாண்டியும் அவர் இளம்பெண் வேடங்களில் வந்தார். உடல் ஒத்துழைக்கவில்லை, குழு கடனில் மூழ்கியிருந்தது. ஆனாலும் முதல் ஸ்வரம் எழும்பியதும் பார்வையாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். வேடத்துக்குப் பொருந்தாத நட்சத்திரத்தை ரசிகர்கள் சகித்ததற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. சகித்ததற்குக் காரணம் புகழ் மட்டும் இல்லை, குரல். அந்தக் குரல் அங்கேயே, அந்த நொடியில், தொண்டையிலிருந்து வந்தது.

புனேயின் இசை மேடை பழைய ராகங்களோடு நின்றுவிடவுமில்லை. 1978இல் அதே தியேட்டர் அகாடமி, அதே ஜப்பார் படேல் இயக்கத்தில், ‘தீன் பைஷாச்சா தமாஷா’வை மேடையேற்றியது. பெர்டோல்ட் பிரெக்டும் குர்ட் வைலும் 1928இல் பெர்லினில் தந்த ‘த்ரீபென்னி ஆப்பெரா’வை பு. ல. தேஷ்பாண்டே மராத்திக்குக் கொண்டுவந்தார். அதன் நாயகன் அங்குஷ் என்ற ரவுடி. அந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுத்தது சாஸ்திரீய சங்கீதம் பாடுபவரை அல்ல, மும்பையின் ராக் பாடகர் நந்து பெண்டேயை.

இங்கே ஒரு சின்ன விளக்கம். எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் முழங்க, கதையை ராக் பாட்டுகளால் நகர்த்தும் நாடகங்கள் 1960களின் கடைசியில் நியூயார்க்கில் எழுந்தன. ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் டிம் ரைசும் உருவாக்கிய ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ 1970இல் இசைத்தட்டாகவும் 1971இல் மேடை நாடகமாகவும் வந்தது. இயேசுவின் கடைசி நாட்களை யூதாசின் பார்வையிலும் சொல்லும் கதை. சில ஆண்டுகளிலேயே அலிக் பதம்ஸீ அதை மும்பையில் நிகழ்த்தினார். யூதாசாகப் பாடியவர் நந்து பெண்டே. அந்தக் கரகரத்த குரல்தான் புனேக் குழுவோடு சேர்ந்தது. ‘நாட்டிய சங்கீதம்’ என்ற மராத்தி நாடகப் பாட்டும் லாவணியும் மேற்கத்திய பாப்பும் ஒரே நாடகத்தில் புழங்கின. நந்து பெண்டே, ஆனந்த் மோடக், பாஸ்கர் சந்தாவர்கர் மூவரும் இசைக்குப் பங்களித்தார்கள். அங்குஷ் ஊரின் ஒழுக்கத்துக்கு வெளியே நிற்பவன். அவன் குரலும் மற்றவர்கள் குரலிலிருந்து விலகி ஒலித்தது பொருத்தமாக அமைந்தது. வெளியிலிருந்து வந்த பிரபலத்தை எதற்காகச் சேர்த்தார்கள் என்று கேட்டால் நாடகத்துக்குள்ளேயே பதில் இருந்தது. நட்சத்திரத் தேர்வு சரியா என்று பார்க்க இதுதான் நல்ல உரைகல்.

அந்த உரைகல்லில் ‘கட்யார் காளஜாத் குஸலி’யை உரசிப் பார்க்கலாம். புருஷோத்தம் தார்வ்ஹேகர் எழுதி, ஜிதேந்திர அபிஷேகி இசையமைத்து, 1967 டிசம்பரில் மேடையேறிய நாடகம். இரண்டு கரானாக்களின், அதாவது பாட்டுப் பரம்பரைகளின், பகை அதன் கதை. கான்சாகேப் வேடத்தில் வசந்தராவ் தேஷ்பாண்டே. பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பாடிய மேதை. அவர் 1983இல் மறைந்த பின் அந்த வேடத்தை இன்னொருவர் பாட முடியும் என்று பலர் நம்பவில்லை. 2010இல் சுபோத் பாவே மறுபடி மேடையேற்றியபோது கான்சாகேபாக வந்தவர் வசந்தராவின் பேரன் ராகுல் தேஷ்பாண்டே. சதாசிவனாகப் பாடகர் மகேஷ் காளே. இருவரும் மேடையில் நேராகப் பாடினார்கள்.

2015இல் அதுவே சினிமாவாக மாறியதும் கணக்கும் மாறியது. கான்சாகேபாக சச்சின் பில்காவ்கர் நடித்தார், ராகுல் பாடினார். சதாசிவனாகச் சுபோத் பாவே நடித்தார், மகேஷ் காளே பாடினார். மேடையில் உடலும் குரலுமாக நின்ற இரண்டு பேர் திரையில் குரல் மட்டுமானார்கள். பண்டிட் வேடத்தில் மட்டும் பாட்டும் நடிப்பும் ஒருவரே: மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை சங்கர் மகாதேவன், நடிகராக அவருக்கு முதல் படம். படம் பெரிய வெற்றி. நாட்டிய சங்கீதம் கேட்டேயிராத இளைஞர்கள் அந்தப் பாட்டுகளைப் பாடித் திரிந்தார்கள். முகத்தையும் குரலையும் பிரிக்கலாமா என்று கோபப்பட்டவர்களுக்கு அந்த வெற்றி ஒரு பதில். ஆனால் தேசிய விருது எங்கே போயிற்று என்று பாருங்கள். ‘கட்யார்’ படத்தில் பாடிய மகேஷ் காளேவுக்கு. அதற்கு முன் ‘பாலகந்தர்வா’ படத்தில் சுபோத் பாவேவுக்குக் குரல் கொடுத்த ஆனந்த் பாட்டேவுக்கு. பின்னர் ‘மீ வசந்தராவ்’ படத்தில் தாத்தாவாகத் தானே நடித்துப் பாடிய ராகுல் தேஷ்பாண்டேவுக்கு. மூவருமே புனே மண்ணின் பாடகர்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த வழக்கு புதிதல்ல. எஸ். ஜி. கிட்டப்பாவையும் கே. பி. சுந்தராம்பாளையும் ஒரே மேடையில் பார்க்க வேண்டும் என்ற ஆசையே இலங்கையில் அவர்களைச் சேர்த்தது. 1926இல் அங்கே தொடங்கிய ஜோடி அது. நம் ஸ்பெஷல் நாடகமோ முழுக்க முழுக்கத் தனி நடிகர்களின் பெயரால் நடப்பது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அமர்த்துவார்கள், ஒத்திகை கிடையாது, ஒரே இரவுக்கு மேடையில் சந்தித்து ‘வள்ளி திருமணம்’ நடத்திவிடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பாடம் என்பதால் அது நடக்கிறது. வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும்போது யார் மடக்குகிறார் என்பதே ஊருக்கு விருந்து. அங்கே நட்சத்திரம் கேடு செய்வதில்லை, ஏனென்றால் நாடகமே அவர்களுக்காகக் கட்டப்பட்டது. ‘காஷிராம்’ அப்படிக் கட்டப்படவில்லை. ஒத்திகையில்லாமல் வரும் ஒரு பெரிய பெயர் அந்த வரிசையின் தாளத்தை ஒரு நொடி தவறவிட்டால்கூடச் சுவரில் ஓட்டை விழும்.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை ஓயாமல் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ நடந்தபோது இயேசுவாகச் சிந்தியா எரிவோ, யூதாசாக ஆடம் லாம்பர்ட். கறுப்பினப் பெண் ஒருவர் இயேசுவாவதா என்று எதிர்த்தவர்கள் உண்டு. அந்தக் குரலுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. ‘ஹெட்விக் அண்ட் த ஆங்க்ரி இன்ச்’ என்ற ராக் நாடகம் 1998இல் ஒரு சின்ன அரங்கில் ஜான் கேமரூன் மிட்செல் தானே எழுதி நடித்துத் தொடங்கியது. 2014இல் பிராட்வேக்கு அதைக் கொண்டுபோனது தொலைக்காட்சியால் வீடுதோறும் தெரிந்த நீல் பேட்ரிக் ஹாரிஸின் பெயர். அவர் டோனி விருது வாங்கினார்; அவருக்குப் பின் வேறு பிரபலங்கள் ஒவ்வொருவராக ஹெட்விக்கின் விக்கைத் தலையில் வைத்தார்கள். அந்த நாடகம் தாங்கியது. ஒற்றை ஆளின் வெடிப்பில் ஓடும் நாடகம் அது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதத்தை முடிக்க முடியாது. ‘காஷிராம்’ போன்ற நாடகத்துக்குப் பெரிய கூட்டம் வேண்டும்: நடிகர்கள், பாடகர்கள், வாத்தியக்காரர்கள், மேடைப் பணியாளர்கள். ஊர் ஊராகப் பேருந்து, தங்குமிடம், சாப்பாடு. மருத்துவர்களும் குமாஸ்தாக்களும் சம்பளம் எதிர்பாராமல் ஆடிய 1972 திரும்பி வராது. வர வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை, கலைஞர்களுக்குக் கூலி வேண்டும். அந்தக் கூலியைப் புனேயின் பாலகந்தர்வா ரங்கமந்திரிலோ வேறு ஊரிலோ டிக்கெட் விற்றுத்தான் எடுக்க வேண்டும். அங்கே சஞ்சய் மிஸ்ராவின் பெயர் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் வேலை தருகிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் தூய்மை பேசுவது எளிது.

ஆனால் பிரபலத்தோடு அவருடைய படப்பிடிப்பு நாட்களும் வருகின்றன. அவர் தேதி கொடுத்தால் காட்சி. கொடுக்காவிட்டால் அத்தனை பேரும் வீட்டில். இதற்கு மருந்து பிராட்வேயில் இருக்கிறது. 2022இல் ‘ஃபன்னி கேர்ள்’ நாடகத்தின் மறு தயாரிப்பில் நாயகியாக இருந்த பீனி ஃபெல்ட்ஸ்டைன் விலகி, லீயா மிஷெல் வந்து சேரும்வரையிலான ஒரு மாதத்தை மாற்று நடிகை ஜூலி பென்கோ தாங்கினார். லீயா மிஷெல் வந்த பிறகும் வியாழக்கிழமைகள் பென்கோவுக்கென்று ஒதுக்கப்பட்டன. அவரைப் பார்ப்பதற்காகவே அந்த நாளில் டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. மாற்று நடிகரை முறையாகப் பயிற்றுவித்து, அவருக்கென்று ஒரு நாளை ஒதுக்கி, விளம்பரத்தில் பெயர் போட்டு அறிவிப்பது நம் மேடைகளில் இன்னும் பழக்கமாகவில்லை. புனேயில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. 1963இலிருந்து நடக்கும் புருஷோத்தம் கரண்டக் கல்லூரி ஓரங்க நாடகப் போட்டியிலிருந்து ஆண்டுதோறும் புது நடிகர்கள் வருகிறார்கள். பாடவும் ஆடவும் தெரிந்தவர்கள் அவர்களில் நிறைய. சஞ்சய் மிஸ்ராவின் சனி, ஞாயிறு காட்சிகளுக்கு நடுவே ஒரு புதன்கிழமை, அந்த வரிசையிலிருந்தே ஒருவர் முன்னால் வந்து நானாவாகட்டும். டிக்கெட் விலையைக் குறைத்து, யார் நடிக்கிறார் என்று பெயர் சொல்லி விளம்பரம் செய்யட்டும். ஆகாஷேயைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சிக்கு வருவார்கள், வாதிடுவதற்காகவாவது.